பூஜ்யத்தில் தொடங்கும் எண்

ஜூலை 27, ஞாயிறு

என் பெயர் சோலைமலை. இதை நானே எழுதினேன்.

மேலே உள்ள ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. வயது எழுபத்தொன்று. அவசரம் ஒன்றும் இல்லை.

இந்த நோட்டு முதியோர் வகுப்பில் எனக்குக் கிடைத்த பரிசு. ஜெயராணி டீச்சர் கொடுத்தார். “தெனம் எழுதுங்கய்யா. தேதி போடாம மட்டும் எழுதாதீங்க. தேதி இல்லாத எழுத்து அட்ரஸ் இல்லாத கவர் மாதிரி” என்றார். அதனால் முதலில் தேதி.

முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் இலாகாவுக்குக் கேபிள் குழி வெட்டினேன். திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் கேபிள் போகிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தெருக்களின் பெயர்ப் பலகையைப் படித்தது இந்த வருடம்தான்.

நானும் என் மகள் பூமயிலும்தான் வீட்டில். மனைவி இல்லை. மருமகன் திருப்பூரில் இருக்கிறார், வருவதில்லை. பூமயில் ஜாக்கெட் தைப்பாள். ஞாயிறுதோறும் இந்த நோட்டைப் படித்து, சிவப்புப் பென்சிலால் பிழை திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். “மார்க் போட மாட்டேன், அழுவீங்க” என்றாள்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று மெஷின் நாள். பூமயிலுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் மெஷின் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். இது மூன்றாவது வருடம்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பெயரைப் பதிந்திருக்கிறோம். மூளைச் சாவு ஏற்பட்ட யாருடைய குடும்பமாவது தானம் கொடுத்தால், வரிசைப்படி போன் வரும். எடுத்து “வருகிறோம்” என்று சொல்லி, உடனே கிளம்ப வேண்டும். எடுக்கவில்லை என்றால் சில தடவை பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். எடுத்த சிறுநீரகம் காத்திருக்காதாம். வரிசையில் பூமயிலுக்கு இப்போது முதல் இடம். இரண்டரை வருடக் காத்திருப்பு.

மெஷின் அறைக்குள் போன் கூடாது. அதனால் உள்ளே போகும் முன் போனை என் சட்டைப் பையில் வைப்பாள். வைத்துவிட்டுப் பையை ஒரு தட்டு தட்டுவாள். “எது வந்தாலும் எடுங்கப்பா” என்பாள். நானும் எடுப்பேன். கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண், தவறாக அடித்தவன், எல்லோரிடமும் பேசியிருக்கிறேன்.

வெளியே பெஞ்சில் என்னோடு காதர் பாய் உட்கார்ந்திருப்பார். பழைய டயர் வியாபாரம். அவர் மனைவி மைமூனுக்கும் இதே மெஷின். அவரும் அதே மதுரையில் பதிந்திருக்கிறார். இருவருக்கும் ஒரே ரத்த வகை. பூமயிலுக்கு அடுத்த இடம் மைமூனுக்கு.

“அண்ணே, நீங்க சீக்கிரம் போயிருங்க. நீங்க எந்திரிச்சாத்தான் எனக்குச் சீட்டு” என்பார் பாய்.

“பஸ்ல எடம் புடிச்ச மாதிரி பேசுறீகளே” என்பேன்.

இன்று அவருக்கு ஆஸ்பத்திரிச் சுவர் முழுவதையும் படித்துக் காட்டினேன். ‘எச்சில் துப்பாதீர்’ மூன்று இடத்தில் இருக்கிறது.

ஜூலை 30, புதன்

உப்புப் பொட்டலத்தை முழுவதும் படித்தேன். பின்பக்கமும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எல்லையில் சண்டை ஆரம்பித்துவிட்டதாம். தவசியின் டீக்கடை டிவியில் காலையிலிருந்து சைரன் சத்தம். எங்கே ஊதுகிறது என்று பார்த்தால் டிவிக்காரனே ஊதுகிறான்.

மெஷின் நேரத்தில் போனில் செய்திகள் வந்து கொட்டின. எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முன்பெல்லாம் டிங் என்று சத்தம் மட்டும் கேட்கும். இன்று படித்தேன். ‘எதிரி நாட்டின் கணினிப் படை நாளை நம் மின்சாரத்தை நிறுத்தும். அவசரம். பத்துப் பேருக்கு அனுப்பவும்.’

‘கணினி’ என்ற சொல்லை முதல் தடவையிலேயே படித்துவிட்டேன்.

பாயும், மற்றவர்களோடு வந்தவர்களும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் படிக்கப் படிக்க அவர்கள் கேட்டார்கள். என் வாழ்நாளில் இத்தனை பேர் என் வாயைப் பார்த்தது இல்லை.

“கரண்டு போனா மெஷின் நின்னுருமே” என்றாள் ஒரு அம்மா.

“ஜெனரேட்டர் இருக்குத்தா” என்றார் பாய். “போன மாசம் ரெண்டு தடவ போச்சு. அதுக்கு எந்த நாட்டுப் படையும் வரல. அணில்தான் வந்துச்சு.”

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூமயில் நோட்டைத் திருத்தினாள். பதினேழு பிழை. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் தேதி, கையெழுத்து.

வெள்ளிக்கிழமைச் செய்தியை அவளிடம் படித்துக் காட்டினேன். சொன்ன நாள் போய்விட்டது, மின்சாரம் இருக்கிறது. அவள் சிரித்தாள்.

“அப்பா, இதுல தேதி எங்க?”

“நாளைன்னு போட்டிருக்கே.”

“எந்த நாளைக்கு நாளை? யாரு சொன்னதுன்னு பேர் இருக்கா? ஆபீஸ் பேர்? ஒண்ணுமில்ல. உங்க டீச்சர் சொன்னதுதான், அட்ரஸ் இல்லாத கவரு. தூக்கிப் போடுங்க.”

“அச்சுல வந்திருக்கு தாயி.”

“அச்சுல என்ன, அவன் போன்ல அடிச்சது அது. நீங்க உக்காந்து அடிச்சாலும் இப்படித்தான் வரும்.”

எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. கையால் எழுதினால் ஆளுக்கு ஆள் மாறும். அச்சு என்றால் அதற்கு மேல் யாரோ ஒருவர் பார்த்துச் சரி சொல்லியிருப்பார் அல்லவா?

ஆகஸ்ட் 4, திங்கள்

‘நாளை குடிநீர்த் தொட்டியின் வால்வுகளைக் கணினி மூலம் எதிரி திறந்துவிடுவான்.’ டீக்கடையில் படித்தேன். எங்கள் வார்டில் வால்வைத் திறப்பவன் கருப்பையா, இரும்புச் சாவியால்.

தவசி சொன்னான்: “தொறந்து விடட்டும்யா. கருப்பையா வாரத்துக்கு ஒருதடவதான் தொறக்குறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் சாயங்காலம் எல்லா வீட்டிலும் குடம் நிரம்பியிருந்தது. எங்கள் வீட்டிலும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மெஷின் நாள். பூமயிலுக்குக் கால் வீங்கியிருக்கிறது. தண்ணீர் அளந்துதான் குடிக்கிறாள், அப்படியும்.

வெளியே படிக்கச் சொன்னார்கள். நான்கு செய்தி படித்தேன். ஐந்தாவதைப் பாதி படித்ததும் நின்றுவிட்டேன். பாயைப் போன்றவர்கள் கடையில் எதுவும் வாங்கக் கூடாது, அவர்கள் போன் வழியாகத்தான் எதிரிக்குத் தகவல் போகிறது என்று அதில் இருந்தது. பாய் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

“என்னாச்சுண்ணே?” என்றார்.

“எழுத்து சின்னதா இருக்கு, வெளங்கல.”

பாய் என் கையில் இருந்த போனை எட்டிப் பார்த்தார். அவர் எட்டாவது வரை படித்தவர். போனை என் கையிலேயே கவிழ்த்து வைத்தார். பிறகு, “எம் போன்ல தகவல் போகணும்னா மொதல்ல அதுல பேலன்ஸ் இருக்கணும்” என்றார். கேண்டீனுக்குப் போய் எனக்கும் டீ வாங்கி வந்தார்.

அந்தச் செய்தி பொய். அதைச் சொல்ல எனக்குத் தேதியும் வேண்டாம், ஆபீஸ் பெயரும் வேண்டாம். மூன்று வருடமாகப் பாயைத் தெரியும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று பெரிய செய்தி வந்தது. மூன்று தடவை படித்தேன். மேலே சிங்க முத்திரை இருக்கிறது. அதை அப்படியே எழுதுகிறேன்.

‘மிக முக்கிய எச்சரிக்கை. பூஜ்யத்தில் தொடங்கும் எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுக்க வேண்டாம். எடுத்த மூன்று விநாடியில் உங்கள் போன் எதிரியின் கைக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் அனைத்தும் அழியும். வந்தால் துண்டித்து, எண்ணை உடனே அழிக்கவும். படிக்கத் தெரியாத முதியவர்களுக்கு எடுத்துச் சொல்லவும்.’

கடைசி வரி என்னைப் பற்றியது அல்ல. நான் எடுத்துச் சொல்கிறவன்.

டீக்கடையில் தவசி, “நீங்க டெலிபோன்ல இருந்தவருல்ல, இது நெசமா?” என்று கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் கேபிளை ஒட்டுப்போட வரும் சார், குழிக்குள் இறங்கிச் சோதனை போனில் பேசுவார். வெளியூர் என்றால் முன்னால் பூஜ்யம் போடுவார். அது ஞாபகம் வந்தது. ஆனால் அது பழைய காலம். இப்போது கேபிளே இல்லாமல் பேசுகிறார்கள். முத்திரை போட்டு எழுதியவனுக்குத் தெரியாதது குழி வெட்டினவனுக்குத் தெரியுமா?

“நெசந்தான்” என்றேன்.

ரேஷன் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். ‘பூஜ்யத்தில் வரும் போனை எடுக்காதீர்.’ சுவரில் நான் எழுதிய முதல் எழுத்து. நாலு பேர் நின்று படித்தார்கள். ஒருவரும் பிழை சொல்லவில்லை.

பூமயிலிடம் சொல்லவில்லை. அவள் உடம்பு முடியாமல் படுத்திருந்தாள். சொன்னால் தேதி எங்கே என்பாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று ஒரு எதிரியைத் தடுத்தேன்.

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே எழுதுகிறேன். பூமயில் உள்ளே இருக்கிறாள். மைமூனுக்கு இன்று காலை முறை, அதனால் பாய் இல்லை. நான் தனியாக இருந்தேன்.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கப் போன விரல் நின்றது. எண்ணைப் படித்தேன். முதலில் பூஜ்யம்.

மதுரையாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் மதுரை ஆஸ்பத்திரியில் வரிசையைக் கவனிக்கும் அம்மாவின் செல் எண்ணைப் பூமயில் பதிந்து வைத்திருக்கிறாள். அவர்கள் கூப்பிட்டால் ‘மதுரை’ என்று எழுத்து வரும். இதில் எழுத்து வரவில்லை, வெறும் எண். படிக்கத் தெரிந்ததால்தானே இந்த வித்தியாசம் தெரிகிறது. முன்பு என்றால் எடுத்திருப்பேன். சிவப்பை அழுத்தினேன்.

மறுபடி அடித்தது. மறுபடி சிவப்பு. ஆறு தடவை வந்தது. ஆறு தடவையும் விடவில்லை. அவ்வளவு பிடிவாதம் என்றால் நல்லவனாக இருக்க முடியாது.

போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு எண்ணை இங்கே எழுதிக்கொண்டேன். பதினோரு எழுத்து, கடைசியில் இரண்டு ஏழு, இரண்டு அரிவாள் தொங்குவது போல. பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லிப் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

இப்போது மணி ஒன்றே முக்கால். கேண்டீனில் இட்லி தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

டீக்கடையில் சொன்னேன். தவசி ஒரு வடை கூடுதலாக வைத்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூமயில் நோட்டைத் திருத்தினாள். பாதியில் பென்சில் முனை உடைந்துவிட்டது என்று எழுந்து போனாள். சீவிக்கொண்டு வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வெகு நேரம் யாரோடோ பேசினாள். அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள் போல.

வந்தபோது முகம் கழுவியிருந்தாள். “சோப்பு கண்ணுல பட்டுருச்சு” என்றாள்.

எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவள் உப்புச் சேர்க்கக் கூடாது, வாசனையோடு சரி. நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

“என்ன தாயி?”

“இனிமே பூஜ்யத்துல வந்தாலும் எடுங்க. அது பொய்ச் செய்தி.”

“முத்திரை இருந்துச்சே.”

“முத்திரை யாரு வேணும்னாலும் ஒட்டலாம்பா. எடுங்க, என்ன?”

சரி என்றேன். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எதிரியைத் தடுத்தது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரேஷன் கடைச் சுவரில் நான் எழுதியதை யாரோ ஈரத் துணியால் துடைத்திருக்கிறார்கள். பூமயில் மண்ணெண்ணெய் கேட்க அந்தப் பக்கம் போனாளாம். அவளுக்கும் யார் என்று தெரியவில்லையாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நல்ல செய்தி. மைமூனுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது.

பெஞ்சில் பாயைக் காணோமே என்று நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன். “வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆபரேஷன் ஆயிருச்சு தாத்தா. யூரின் நல்லாப் போகுதாம்” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய் டயர்களை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருப்பார்.

மெஷின் முடிந்து வெளியே வந்த பூமயிலிடம் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்து நின்றாள். மெஷின் முடிந்ததும் தலை சுற்றும்.

“மைமூனக்காவுக்கா?” என்றாள்.

“ஆமா தாயி. நமக்கு அடுத்த ஆளு. நம்மள விட்டுட்டு எப்பிடிப் போச்சுன்னு தெரியல. வேற ஏதாவது பொருத்தம் பார்த்திருப்பாக.”

“அப்படித்தான் இருக்கும்” என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அக்கா நல்லாருக்கட்டும். மூணு பொம்பளப் புள்ளைக” என்றாள்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் கடைப் பலகைகளைச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

சண்டை நின்றுவிடும் போல இருக்கிறதாம். பதினைந்தாம் தேதிதான் பெரிய தாக்குதல், எல்லாக் கணினியும் அணையும் என்று குழுவில் இன்னும் வருகிறது. படித்தேன். யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். எந்தக் கணினியும் அணையவில்லை. ஆஸ்பத்திரியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள்.

மத்தியானம் பாய் வந்தார். ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க மதுரையிலிருந்து வந்தாராம். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அல்வாப் பொட்டலம் கொடுத்தார். சந்தோஷத்தில் மூச்சு விடாமல் பேசினார்.

“அண்ணே, கடையில ரப்பர ஒரசிக்கிட்டு இருக்கேன். ரெண்டு மணி இருக்கும். போன் அடிக்குது. இந்தச் சனியன் புடிச்ச பூஜ்யச் செய்தி எனக்கும் வந்துச்சுல்ல? எடுக்கவா வேண்டாமான்னு யோசிச்சேன். அப்புறம் நெனச்சேன், எம் போன்ல என்ன இருக்கு திருடுறதுக்கு, டயர் போட்டாவா? எடுத்துட்டேன். எடுத்தா மதுரை!”

“அப்படியா” என்றேன்.

“எங்களுக்கு முன்னாடி ஒரு ஆளு இருந்திச்சாம். ஆறு தடவ அடிச்சாங்களாம். அடிக்க அடிக்க கட் பண்ணுறாங்களாம். வேண்டாம்போலன்னு விட்டுட்டாங்களாம். யாரு பெத்த புள்ளையோண்ணே. அத நெனச்சாத்தான் அல்வா எறங்க மாட்டேங்குது.”

யார் என்று அங்கே சொல்ல மாட்டார்களாம். அப்படி ஒரு விதியாம்.

பிறகு போனைக் காட்டினார். “இந்த நம்பருதாண்ணே. அழிக்காம வச்சிருக்கேன். படிங்க பாப்போம்.” பாய்க்குப் படிக்கத் தெரியும். என்னைப் படிக்கச் சொன்னது என் சந்தோஷத்துக்காக.

படித்தேன். முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன்.

“பிழையே இல்லண்ணே” என்றார் பாய்.

வீட்டுக்கு வரும்போது தூறல். பஸ்ஸில் கூட்டம். அல்வாவைப் பூமயில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேப்பரில் போலீஸ் அறிவிப்பு வந்திருக்கிறது. தேதி இருக்கிறது. அதிகாரியின் பெயர் இருக்கிறது. போன மூன்று வாரமாகப் பரவிய செய்திகளில் பெரும்பாலானவை பொய்யாம். பூஜ்யச் செய்தி இப்போது எழுதியதே இல்லையாம். நான்கு வருடத்துக்கு முன்னால் வேறு எங்கோ நடந்த சண்டையின்போது யாரோ எழுதி விட்டதாம். அதை யாரோ எடுத்து மறுபடி விட்டார்களாம். பரப்பியவர்களைத் தேடுகிறார்களாம்.

நாளை என்று எழுதினால் அது கெட்டுப் போவதே இல்லை. நான்கு வருடம் கழித்து எடுத்தாலும் புதிதாகவே இருக்கும். தேதி போட்டிருந்தால் செத்திருக்கும்.

பரப்பியவர்களில் ஒருவன் சாக்பீஸால் எழுதினான். அவனைத் தேட மாட்டார்கள்.

பூமயில் நோட்டைத் திருத்தினாள். இந்த வாரம் நான்கு பிழைதான். “நல்லா வருதுப்பா” என்றாள். நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பதினைந்தாம் தேதிப் பக்கத்தைப் படித்தபோது கொஞ்சம் நேரம் எடுத்தாள். கீழே தேதி போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜெயராணி டீச்சர் வந்தார். எழுத்தறிவு விழாவில் நான் மேடையில் ஏறி ஒரு பக்கம் படிக்க வேண்டுமாம். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

டீக்கடையில் ஒருவன் கரண்ட் பில்லைக் கொடுத்துப் படிக்கச் சொன்னான். அவனிடமும் அதையே சொன்னேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மெஷினுக்கு முன்னால் பூமயிலுக்கு நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். கால் வீக்கம் வற்றவில்லை. மூச்சு வாங்குகிறது.

டாக்டர் சின்ன வயசு. எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். இதயம் பலவீனமாகிவிட்டதாம். இந்த நிலையில் மாற்று ஆபரேஷனைத் தாங்காதாம். வரிசையில் பெயரை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லி மதுரைக்கு எழுதுகிறாராம்.

“எப்ப சார் மறுபடி சேப்பீங்க?” என்று கேட்டேன்.

“பாப்போம்யா.”

“பத்து நாளுக்கு முன்னாடின்னா தாங்கியிருக்குமா?”

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. பூமயில் என் கையைப் பிடித்தாள். “அப்பா, மெஷினுக்கு நேரமாச்சு” என்று எழுந்துவிட்டாள்.

அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். போனை என் சட்டைப் பையில் வைத்தாள். பையை ஒரு தட்டு தட்டினாள். உள்ளே போனாள்.

நான்கு மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். மூன்று போன் வந்தது. மூன்றையும் எடுத்தேன். கடன் வேண்டுமா என்று ஒரு பெண். தவறாக அடித்த ஒருவன். மூன்றாவதில் யாரும் பேசவில்லை. “சொல்லுங்க, நான் கேக்குறேன்” என்று வெகு நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அவளால் தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. வெட்டி வைத்திருந்த துணிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்து வந்தேன். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். யாரிடமும் கேட்காமல் வீடு தேடிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மெஷினுக்குப் போய் வந்தோம். அவள் தூங்குகிறாள். மணி ஐந்து. வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

எட்டாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நோட்டை எடுத்தேன். அவள் எழுத்தைத்தான் திருத்துகிறாள், எண்ணைக் கவனித்திருக்க மாட்டாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளுடைய ஆஸ்பத்திரிக் கோப்பில், முதல் அட்டையின் உட்பக்கம், மதுரை ஆஸ்பத்திரியின் எண் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது என்பதை இன்று காலைதான் பார்த்தேன். பூஜ்யத்தில் தொடங்குகிறது. இரண்டரை வருடமாக அந்தக் கோப்பை நான்தான் சுமக்கிறேன்.

எட்டாம் தேதிப் பக்கத்தை விரித்தேன். அவள் படித்த மற்ற எல்லாப் பக்கத்திலும் சிவப்பு இருக்கிறது. கீழே தேதி, கையெழுத்து. இந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு நான் பார்த்தாலே மூன்று பிழை தெரிகிறது. ஒன்றைக்கூட அவள் திருத்தவில்லை. எண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. பென்சில் முனை அங்கேதான் உடைந்திருக்கிறது. தாளைத் துளைத்துப் பின்பக்கம் வரை போயிருக்கிறது. பின்பக்கம் ஒன்பதாம் தேதி. வடை வாங்கிய நாள்.

அவள் படித்தது பத்தாம் தேதி. அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மறுநாள் சுவர் துடைத்திருந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு, பதினைந்து, பத்தொன்பது, இன்று. நான்கு மெஷின் நாள். கடைசி இரண்டு நாளும் இனி வரப் போகிற போன் ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்கு நாளும் போனை என் பையில்தான் வைத்தாள். தட்டிவிட்டுத்தான் போனாள்.

பக்கத்தைக் கிழிக்கவில்லை. அவளுடைய பென்சிலை எடுத்துச் சீவினேன். மூன்று பிழையையும் திருத்தினேன். எண்ணுக்குக் கீழே, அந்தத் துளைக்குப் பக்கத்தில், இப்படி எழுதினேன்:

‘இது மதுரை ஆஸ்பத்திரி. பூமயிலைக் கூப்பிட்டார்கள். நான் எடுக்கவில்லை.’

கீழே இன்றைய தேதி போட்டேன். என் பெயரை முழுவதும் எழுதினேன்.

நாளை மறுநாள், ஆகஸ்ட் 24, ஞாயிறு. படிப்பாள்.